வாட்டர்லூவில் எலும்பு எங்கே போனது?

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த மாதம் ஒரு துப்பறியும் கதை. தொலைந்த பொருள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள். தொலைந்த இடம், பெல்ஜியம் நாட்டில் பிரசல்ஸ் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு வயல்வெளி. துப்பில் கொஞ்சம் நம்ம அம்பாறை மாவட்டத்து நாவிதன்வெளி வட்டைக்குள்ளே, பசளை உரப்பையிலும் கிடக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. வாட்டர்லூ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு புறம் பிரான்சின் பேரரசன் நெப்போலியனின் படை. மறுபுறம் பிரித்தானியத் தளபதி வெலிங்டனின் கூட்டுப்படை. பின்னேரம் வெலிங்டனுக்குத் துணையாக வந்து சேர்ந்தது 72 வயதான புளூக்கரின் பிரஷ்யப் படை. மூன்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,90,000 பேர். பீரங்கி இழுக்கவும் சவாரிக்குமென்று பல்லாயிரம் குதிரைகள் வேறு.

முதல் நாள் இரவு நல்ல மழை. மழைக்கும் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்துப் பீரங்கிக் குண்டுகளில் பெரும்பாலானவை வெடிக்காது. வெறும் இரும்பு உருண்டை. தரையில் பட்டுத் துள்ளித் துள்ளிப் போகும்போதுதான் அது வரிசை வரிசையாக ஆட்களைச் சாய்க்கும். உழுது தண்ணீர் கட்டிய வயலுக்குள் கிரிக்கெட் பந்தை எறிந்து பாருங்கள். 'சொத்' என்று விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். பந்தின் இயக்கசக்தி முழுவதும் சேற்றைப் பிளப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. இரும்புக் குண்டுக்கும் அதே கதிதான். தரை கொஞ்சம் காயட்டும் என்று நெப்போலியன் காத்திருந்தான். சண்டை தொடங்க முற்பகல் 11 மணி தாண்டிவிட்டது. அந்தத் தாமதம் பிரஷ்யப் படை வந்து சேர நேரம் கொடுத்தது. நெப்போலியன் தோற்றதற்குச் சரித்திர ஆசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். சேறும் அதில் ஒன்று.

இருட்டுவதற்குள் பிரெஞ்சுப் படை சிதறி ஓடியது. நான்கு நாள் கழித்து நெப்போலியன் முடி துறந்தான். அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே உள்ள சென்ட் ஹெலீனாத் தீவுக்கு அவனை நாடு கடத்தினார்கள். 1821இல் அங்கேயே இறந்தான். ஐரோப்பா முழுவதையும் இழுத்துவிடும் யுத்தம் அதற்குப் பிறகு 1914இல்தான் வந்தது.

அந்த ஒரு நாளில் இறந்தவர்களும் காயப்பட்டவர்களும் 40,000க்கு மேல். காயப்பட்டவர்களில் எட்வர்ட் பார்ன்ஸ் என்ற அதிகாரியும் ஒருவர். அவர் பிழைத்தெழுந்து பிறகு இலங்கைக்குத் தேசாதிபதியாக வந்தார்; கொழும்பு - கண்டி வீதி அவர் காலத்தில் போட்டதுதான். பார்ன்சின் எலும்பு தப்பியது. தப்பாதவர்களைப் பார்ப்போம்.

இறந்தவர்கள் 10,000க்கும் அதிகம். ஜூன் மாத வெயில். உடல்கள் கெட்டுவிடும் என்ற அவசரத்தில் ஊர் ஆட்களைப் பிடித்து, ஆழமில்லாத குழிகளில் மொத்தமாகப் போட்டு மூடினார்கள். சிலவற்றை எரித்தார்கள். அதற்கு முன்பே சப்பாத்து, சட்டை, பொத்தான் எல்லாம் போய்விட்டன. பற்களைக்கூடக் குறட்டால் பிடுங்கிப் பொய்ப்பல் செய்கிறவர்களுக்கு விற்றார்கள். அடக்கிய மண்ணை மிதிக்கவே தயங்கும் நமக்கு இதைக் கேட்கவே கூசும்.

இப்போது புதிருக்கு வருவோம். 2015இலிருந்து தொல்லியல் ஆட்கள் அங்கே முறையாகத் தோண்டி வருகிறார்கள். குண்டுகளும் பொத்தான்களும் நிறையக் கிடைத்தன. எலும்புக்கூடு? அதற்கு முன்பே 2012இல் கட்டட வேலையின்போது ஒன்று. அன்று காயப்பட்டவர்களைக் கொண்டுபோய் வைத்த பண்ணையில் 2019இல் வெட்டி எறிந்த கால் எலும்புகள். அதே இடத்தில் 2022இல் ஒரு முழு எலும்புக்கூடும் குதிரை எலும்புகளும். மற்றவர்கள் எங்கே?

முதல் சந்தேகம் மண்ணின் மேல் வரும். அமிலத்தன்மையான மண்ணில் எலும்பு மெதுவாகக் கரையும், உண்மைதான். ஆனால் இதைவிடப் பல நூறு ஆண்டு பழைய கல்லறைகளில் எலும்பு நன்றாகவே கிடைக்கிறது. பத்தாயிரம் பேருடைய எலும்பை 200 ஆண்டில் தடயமில்லாமல் தின்றுவிட மண்ணால் மட்டும் முடியாது. யாரோ எடுத்திருக்க வேண்டும்.

எடுத்தது யார் என்று பார்க்க, கதையை நெப்போலியன் உச்சத்தில் இருந்த காலத்துக்குத் திருப்புவோம். அப்போது பிரித்தானியாவுக்கும் அவனுக்கும் நடந்த போட்டியில் கடல் வழி அடைபட்டது. கரீபியன் தீவுகளிலிருந்து வந்துகொண்டிருந்த கரும்புச் சீனி நின்றுபோனது. ஐரோப்பாவின் குளிரில் கரும்பு வளராது. ஆனால் 1747இலேயே மார்க்கிராஃப் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் பீட் கிழங்கிலிருந்து சீனி எடுத்துக் காட்டியிருந்தார். நாம் கறி வைக்கிற பீட்றூட் இருக்கிறதே, அதே இனம்தான். நிறம் மட்டும் வெள்ளை. நெப்போலியன் அதைப் பயிரிடச் சொல்லி உத்தரவு போட்டான். டெலெசேர் என்பவர் பாரிசுக்குப் பக்கத்தில் நல்ல பீட் சீனி எடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, 1812 ஜனவரியில் நேரில் ஆலைக்குப் போய், தன் நெஞ்சில் குத்தியிருந்த பதக்கத்தைக் கழற்றி அவர் சட்டையில் குத்தினான்.

பீட் சீனியில் ஒரு தொல்லை இருக்கிறது. நம்ம அம்பாறை மாவட்டத்திலேயே ஹிங்குரானையில் கரும்புச் சீனி ஆலை இருக்கிறது. கரும்புச் சீனியைச் சுத்திகரிக்காவிட்டாலும் சிவப்புச் சீனி என்று கடையில் கேட்டு வாங்குவோம். தேத்தண்ணிக்குத் தனி ருசி. சுத்திகரிக்காத பீட் சீனியோ வாயில் வைக்க முடியாது. மண் வாடை, கசப்பு. அதனால் பாகில் உள்ள நிறத்தையும் அழுக்கையும் முழுக்க எடுத்தே ஆக வேண்டும். அதற்கு அன்றைய ஆலைக்காரர்கள் கண்ட வழி எலும்புக்கரி.

எலும்பைக் காற்றுப் புகாத இரும்புப் பாத்திரத்தில் அடைத்து 700 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால், ஒட்சிசன் இல்லாததால் அது எரிந்து சாம்பலாகாது. கறுத்த குருணியாக மாறும். அதில் பத்தில் ஒரு பங்குதான் காபன். மீதி பெரும்பாலும் கல்சியம் பொசுபேற்று. குருணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரே ஒரு கிராம் எலும்புக்கரிக்குள் மடங்கிக் கிடக்கும் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 100 சதுர மீற்றர் வரும், அதாவது ஒரு சின்ன வீட்டின் தரை. அந்தப் பரப்பு முழுவதும் காபன் பூசியிருக்கிறது. பாகு அதன் வழியே வடியும்போது நிறம் தரும் பெரிய மூலக்கூறுகள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். சீனி மூலக்கூறு ஒட்டாமல் கீழே வந்துவிடும். மேலே ஊற்றியது கறுப்புப் பாகு, கீழே வடிவது தெளிந்த பாகு.

இன்றைக்கு எலும்புக்கரி இல்லாமலே பல ஆலைகள் இந்த வேலையைச் செய்கின்றன. சிரட்டைக் கரியை நீராவியால் பதப்படுத்தினால் எலும்புக்கரியைவிடப் பல மடங்கு பரப்புக் கிடைக்கும். இலங்கை அதை உலகம் முழுவதும் ஏற்றுமதி செய்கிறது. ஆனால் 1830களின் பெல்ஜியத்தில் சிரட்டைக்கு எங்கே போவது? வாட்டர்லூவைச் சுற்றிய வயல்களிலேயே பீட் பயிரிட்டார்கள், பக்கத்திலேயே ஆலைகள் எழும்பின, எலும்பின் விலை ஏறிக்கொண்டே போனது. ஆடு மாட்டு எலும்பு போதவில்லை. எந்தக் குழியில் என்ன கிடக்கிறது என்று ஊராருக்கு நன்றாகத் தெரியும்.

பெல்ஜிய வரலாற்று ஆய்வாளர் பெர்னார்ட் வில்கின், ஜெர்மானியரான றொப் ஷேஃபர், ஸ்கொட்லாந்தின் தொல்லியல் பேராசிரியர் டொனி பொலார்ட் மூவரும் பழைய பத்திரிகைகளையும் அரச ஆவணங்களையும் தோண்டி 2022இல் சொன்ன முடிவு இதுதான்: வாட்டர்லூ எலும்புகளில் பெரும் பங்கு சீனி ஆலைக்குப் போயிருக்க வேண்டும். பீட் சீனிக்குப் பதக்கம் குத்தியவன் நெப்போலியன். அந்தத் தொழில் வளர்ந்து கடைசியில் அவனுடைய சிப்பாய்களின் எலும்பையே தேடி வந்தது. இதை ஒரு கதையில் எழுதியிருந்தால் நம்ப முடியாத கற்பனை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

எல்லா எலும்பும் போய்விடவில்லை. வில்கின் ஒரு கூட்டத்தில் இதைப் பேசி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் கிட்ட வந்து, தன் வீட்டுப் பரணில் சில பிரஷ்யச் சிப்பாய்கள் இருப்பதாகச் சொன்னாராம். போய்ப் பார்த்தால் உண்மைதான். பல வருடத்துக்கு முன் போர்க்களத்தில் கிடைத்த எலும்புகள் அங்கே பத்திரமாக இருந்தன.

சீனி ஆலையில் உழைத்துக் களைத்த எலும்புக்கரியையும் யாரும் எறியவில்லை. அது வயலுக்குப் போனது. நேரே வயலுக்குப் போன எலும்பும் உண்டு. லைப்சிக், ஆஸ்டர்லிட்ஸ், வாட்டர்லூப் போர்க்களங்களிலிருந்து மனித எலும்பும் குதிரை எலும்பும் கப்பலில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்கு வந்து, யோர்க்ஷயர் ஆலைகளில் அரைபட்டு, கமக்காரருக்கு விற்பனையாகிறது என்று 1822இல் பிரித்தானியப் பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைக் கணக்கை அப்படியே நம்பத் தேவையில்லை. ஆனால் எலும்பு அரைக்கும் ஆலைகள் அங்கே இருந்தன, எலும்புத் தூளுக்குக் கமக்காரர் காசு கொடுத்தார்கள் என்பது நிச்சயம். ஜெர்மன் இரசாயனவியல் மேதை லீபிக் பிறகு கோபத்தோடு எழுதினார்: பிரித்தானியா மற்ற நாடுகளின் வளத்தைத் திருடுகிறது, எலும்புக்காகப் போர்க்களங்களைக்கூட விட்டுவைக்கவில்லை என்று.

எலும்பில் அப்படி என்ன வளம்? பொசுபரசு. வளர்ந்த ஒரு ஆளின் உடம்பில் ஏறத்தாழ 700 கிராம் பொசுபரசு இருக்கிறது. அதில் 85 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். (இந்த மூலகத்தை 1669இல் முதலில் பிரித்தெடுத்த ஹென்னிக் பிராண்ட் அதை எடுத்தது எதிலிருந்து தெரியுமா? மூத்திரத்திலிருந்து! வாளி வாளியாகக் காய்ச்சினாராம். தங்கம் கிடைக்கும் என்ற ஆசை. கிடைத்தது இருட்டில் ஒளிரும் பொருள்.) பயிருக்கும் பொசுபரசு இல்லாமல் முடியாது. கலத்துக்குள்ளே பரம்பரைத் தகவலைச் சுமக்கும் டி.என்.ஏ. இழையிலும், சக்தியை இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் ஏ.ரி.பி. மூலக்கூறிலும் அது இருக்கிறது. நைதரசன் காற்றில் தாராளமாக உண்டு. பொசுபரசு காற்றில் இல்லை. மண்ணும் பாறையும் உயிர்களின் உடம்பும்தான் அதன் இருப்பிடம். வயலிலிருந்து நெல்லோடு வெளியே போன பொசுபரசு தானாகத் திரும்பி வராது.

வெறும் எலும்புத் தூளில் ஒரு குறை. மண்ணில் அது கரைய ஆண்டுக்கணக்காகும். பயிர் அவ்வளவு காலம் காத்திருக்குமா? இதற்கு விடை கண்டவர் ஜோன் பென்னட் லோஸ் என்ற ஆங்கிலக் கமக்காரர். எலும்பின் மேல் சல்பூரிக்கமிலத்தை ஊற்றினார். கரையாத பொசுபேற்று, தண்ணீரில் கரையும் பொசுபேற்றாக மாறியது. சுப்பர் பொசுபேற்று என்று 1842இல் காப்புரிமை பெற்றார். எலும்பு போதாமல் போனதும் பொசுபேற்றுப் பாறையை வெட்டி அதே அமிலத்தை ஊற்றினார்கள். போர்க்களங்களைத் தோண்டும் தேவை அதோடு குறைந்தது.

அமிலத்தின் வேலையை வீட்டிலேயே பார்க்கலாம், சல்பூரிக்கமிலம் தேவையில்லை. அதன் பக்கமே போக வேண்டாம். கறி சாப்பிட்டு மிஞ்சிய கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி எடுத்து, போத்தலில் போட்டு, மூழ்கும் மட்டும் வினாகிரி ஊற்றுங்கள். உம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பிறகு வீட்டுக்குள் என்ன நாத்தம் என்று ஏச்சு வாங்கக் கூடாது. எலும்பின் மேல் மணி மணியாகக் குமிழி ஒட்டும். எலும்பில் கொஞ்சம் காபனேற்றும் இருப்பதால் வரும் காபனீரொட்சைட்டு அது. இடையில் வினாகிரியை ஒருதரம் மாற்றி, ஒரு கிழமை போல விட்டு எடுத்துப் பாருங்கள். எலும்பு உடையாமல் இறப்பர் மாதிரி வளையும். கடினம் தந்த கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து வினாகிரிக்குள் போய்விட்டன. கையில் மிஞ்சியது கொலாஜன் என்ற புரதம்.

இனி நம்ம வட்டைக்கு வருவோம். கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் போனால், சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாயும் வேளாண்மைக் காணிகள். விதைக்கும் முன் அடிக்கட்டுப் பசளையாக வீசுகிற சாம்பல் நிறக் குருணியை எடுத்துப் பாருங்கள். உரப்பையில் ரி.எஸ்.பி. என்று எழுதியிருக்கும். லோஸின் சுப்பர் பொசுபேற்றுக்கு இது அடுத்த தலைமுறை. பாறையில் சல்பூரிக்கமிலத்துக்குப் பதில் பொசுபோரிக்கமிலம் ஊற்றிச் செய்வதால் பொசுபேற்று இன்னும் செறிவாக இருக்கும்.

"இதப் போடாட்டி என்ன வாப்பா?" என்று கேட்டால், "வேர் புடிக்காது மகன், மட்டம் வெடிக்காது, பயிர் கருப்பச்சையாக் குறண்டிப் போய் நிக்கும்" என்று வயல் செய்கிற யாரும் சொல்லிவிடுவார்கள். பாடப்புத்தகத்தில் பொசுபரசுக் குறைபாடு என்று இருப்பதும் அதே அடையாளம்தான்.

வயலில் தண்ணீர் கட்டுவதும் இதற்கு ஒத்தாசை. நம்ம மண்ணில் இரும்பு இருக்கிறது. காய்ந்த மண்ணில் அது பொசுபேற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் ஒட்சிசன் தீர்ந்துபோகும். அப்போது இரும்பு வேறொரு வடிவத்துக்கு மாறி, பிடியைத் தளர்த்திவிடும். விடுபட்ட பொசுபேற்றை நெல் வேர் எடுத்துக்கொள்ளும். புல் பூண்டை அடக்கத்தான் தண்ணீர் கட்டுகிறோம் என்று நினைத்திருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொசுபேற்றுப் பாறை எல்லா நாட்டிலும் கிடைக்காது. உலக இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொரோக்கோவின் கையில். நமக்கும் ஒரு சொத்து உண்டு. அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்ற இடத்தில் 1971இல் கண்டுபிடித்த அப்பதைற்றுப் பாறை. கோடிக்கணக்கான தொன் கிடக்கிறது. பிறகேன் ரி.எஸ்.பி.யைக் கப்பலில் கொண்டு வருகிறோம்? வாட்டர்லூ எலும்புத் தூளின் அதே குறைதான். எப்பாவலப் பாறையை அரைத்துப் போட்டால் மிக மெதுவாகக் கரையும். தேயிலை, தென்னை, இறப்பர் வருடக்கணக்காக நிற்கும், பொறுத்திருந்து எடுத்துக்கொள்ளும். மூன்று, மூன்றரை மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கு அது வந்து சேருமுன் சூடு மிதித்து முடிந்துவிடும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று நிறுத்தியபோது அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெரிய அடி யூரியா இல்லாமல் விழுந்ததுதான். ஆனாலும் நாட்டுக்குள் பாறை இருக்க, வயலுக்கு எடுத்துப் போட முடியாமல் நின்றோம். அமிலமும் அதற்கேற்ற ஆலையும் இல்லாமல் பாறை வெறும் பாறைதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. போட்ட பசளை முழுவதையும் பயிர் எடுப்பதில்லை. ஒரு பங்கு மண்ணில் தங்கும். வருடா வருடம் போட்ட வயலில் அது சேர்ந்தும் இருக்கும். மண்ணைப் பரிசோதித்துப் போடுங்கள் என்று விவசாயப் போதனாசிரியர் சொல்வது அதனால்தான். இன்னொரு பங்கு மாரி வெள்ளத்தோடு வாய்க்கால் வழியே கிட்டங்கி ஆற்றுக்கு இறங்கும். அங்கே தண்ணீர் தெரியாமல் ஆற்றுவாழை மண்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே? நெல்லுக்குப் போட்ட பொசுபரசும் நைதரசனும் அதற்கும் நல்ல சாப்பாடு. அதை வெட்டி அள்ளி மக்கவைத்தால் இலையிலும் தண்டிலும் உள்ள பொசுபரசில் ஒரு பங்கை மறுபடி வயலுக்கு ஏற்றலாம். வெட்டிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால், அடுத்த மழை அதைத் திரும்ப ஆற்றுக்குள்ளேயே தள்ளிவிடும்.